பெரியப்பா வரைந்த கியூபிசப் பாணிப் பெண்: கையில் இருப்பது வீணையா, பால்மரமா?

ஆயர் ஈத்தாம் வாசகன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஓவியம் அறிந்தவர்களிடம் ஒரு விளக்கம் வேண்டி இதை எழுதுகிறேன். காலஞ்சென்ற எங்கள் பெரியப்பா பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். ஓய்வு நேரமெல்லாம் படம் வரைவதிலேயே கழிப்பார். அவர் விட்டுச் சென்ற படங்களுள் ஒன்றை அவர் பணியாற்றிய பள்ளியின் நூலகத்துக்கே கொடுத்துவிடலாம் என்று குடும்பத்தார் முடிவு செய்திருக்கிறோம். பள்ளித் தலைமையாசிரியரும் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டு, படத்தின் பக்கத்தில் ஒட்டுவதற்கு நாலைந்து வரியில் ஒரு குறிப்பு எழுதித் தருமாறு கேட்டார். அந்த நாலைந்து வரியில்தான் வீட்டுக்குள் வழக்கே நடக்கிறது.

படம் ஏறத்தாழ மூன்றடி உயரமும் இரண்டடி அகலமும் உள்ள ஹார்ட்போர்டு பலகையில் எண்ணெய் வண்ணத்தால் தீட்டப்பட்டது. கீழ் மூலையில் பெரியப்பாவின் பெயரின் முதலெழுத்தும் 1968 என்ற ஆண்டும் இருக்கின்றன, தலைப்பு இல்லை. உருவத்தைக் கோணத் துண்டுகளாக உடைத்துக் காட்டும் கியூபிசப் பாணியில், நடுவில் ஒரு பெண் இருக்கிறாள். அவள் நிற்கிறாளா, உட்கார்ந்திருக்கிறாளா என்பதே பிடிபடவில்லை. நெற்றியிலிருந்து மோவாய் வரை ஒரு கோடு முகத்தை இரண்டாக்குகிறது. ஒரு பாதி நம்மை நேரே பார்க்கிறது, மறுபாதி பக்கவாட்டில் திரும்பியிருக்கிறது. தலையில் வெள்ளைத் துணி சுற்றியதுபோல் ஒரு பட்டை. நெற்றி நடுவிலிருந்து வெளிர்மஞ்சள் நிறத்தில் ஒரு முக்கோணம் கீழ்நோக்கி விரிந்து வலக்கைவரை இறங்குகிறது. தோளும் மார்பும் காவியும் பழுப்பும் சாம்பலுமான துண்டுகளாகப் பின்னணியோடு கலந்துபோகின்றன. வலக்கை மட்டும் நகக்கண் தெரியும்படி அவ்வளவு ஒழுங்காக வரையப்பட்டிருக்கிறது. அது முனை வளைந்த ஏதோ ஒன்றைப் பிடித்திருக்கிறது. இடக்கை விரல்கள் ஒரு பழுப்புப் பரப்பின்மேல் விரிந்து கிடக்கின்றன. அந்தப் பரப்பில் சாய்வாகச் சில கோடுகள், அவற்றுக்குக் கீழே ஓர் அரைவட்டம். பின்னணி முழுக்கச் சாம்பல் கலந்த பச்சையில் செங்குத்தான பட்டைகள்.

பெரியம்மா திருமணத்துக்கு முன் வீணை கற்றவர் என்பதால், கோடுகள் தந்திகள், அரைவட்டம் குடம், ஆகவே இது பெரியம்மாதான் என்று அத்தை அடித்துச் சொல்கிறார். பெரியப்பா சுங்கைப்பட்டாணிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவர், அவருடைய அம்மா பால்மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் பால்வெட்டுத் தொழிலாளி, எனவே இது பால்மரம் வெட்டும் பெண் என்கிறார் அண்ணன். கோலாலம்பூரில் கல்லூரியில் படிக்கும் தம்பி மகனோ இரண்டையும் தள்ளிவிட்டு, முகம் பிளந்திருப்பதால் இது பிளவுண்ட மனத்தின் படம் என்றும், கியூபிசம் என்றாலே ஒரு பொருளை எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் காட்டுவதுதான் என்றும் விளக்கம் தருகிறான். இப்படிப்பட்ட ஓர் உருவப் படத்தை முறையாக எப்படிப் படிப்பது? எந்த விளக்கத்தையாவது குறிப்பில் துணிந்து எழுதலாமா, அல்லது பெயரும் ஆண்டும் மட்டும் போதுமா? படத்தை இங்கே ஏற்றக் குடும்பத்தார் விரும்பவில்லை, பொறுத்தருள வேண்டும்.


செந்தூல் டீச்சர் எழுதியது:

வணக்கம் ஐயா. இடைநிலைப்பள்ளியில் காட்சிக் கலைக் கல்வி கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். படத்தைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது முறையல்ல என்றாலும், நீங்கள் படத்தை விவரித்திருக்கும் விதம் கவனமானதாக இருப்பதால், படிக்கும் முறையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் உங்கள் தம்பி மகனின் விளக்கத்தை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் இன்றைக்கு மாணவர் பலரும் அதையேதான் எழுதுகிறார்கள். பிக்காசோ 1910இல் வரைந்த கான்வைலரின் உருவப்படம் சிக்காகோ கலைக்கூடத்தில் இருக்கிறது. அதில் மனிதரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்: அலையலையான தலைமயிர், கழுத்துப்பட்டையின் முடிச்சு, கடிகாரச் சங்கிலி, கோத்து வைத்த இரு கைகள், அவ்வளவுதான் அடையாளம். மீதியெல்லாம் சாம்பலும் பழுப்புமான சில்லுகள். ஆனால் அந்தக் கான்வைலர் மனம் உடைந்த மனிதர் அல்லர். அந்த ஓவியங்களையே வாங்கி விற்றுவந்த, கணக்கில் கெட்டிக்காரரான கலை வணிகர். உருவம் உடைந்திருப்பதைக் கொண்டு உள்ளம் உடைந்திருப்பதாக முடிவு கட்டினால், அந்நாளைய பாரிஸில் படத்துக்கு அமர்ந்த எல்லாரையும் மருத்துவரிடம் அனுப்ப வேண்டியிருக்கும். அதே பிக்காசோ 1937இல் 'அழும் பெண்' வரைந்தபோது உடைந்த வடிவத்தைத் துயரத்துக்காகவே பயன்படுத்தினார் என்பதும் உண்மை. அங்கே கைக்குட்டை, கண்ணீர், பல்லைக் கடிக்கும் வாய் ஆகியவை அந்தப் பொருளைத் தாங்கி நிற்கின்றன. உங்கள் படத்தில் அப்படிப்பட்ட துணைச் சான்று ஏதும் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை.

அடுத்தது, எல்லாப் பக்கத்திலிருந்தும் காட்டுவது என்ற பேச்சு. இது முழுப் பொய்யுமல்ல, முழு உண்மையுமல்ல. மெட்சிங்கர் என்ற கியூபிச ஓவியர் 1911இல் வரைந்த தேநீர் அருந்தும் பெண்ணின் படத்தில் கோப்பையின் ஒரு பாதி பக்கவாட்டிலிருந்தும் மறுபாதி மேலிருந்தும் தெரியும்; அங்கே அந்த விளக்கம் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் பிக்காசோவும் அவரோடு சேர்ந்து இப்பாணியை உருவாக்கிய பிராக்கும் 1910, 1911ஆம் ஆண்டுகளில் செய்தது வேறு வகை. அவர்கள் ஒரு வடிவத்தின் விளிம்பை முழுமையாக மூடாமல் ஓரிடத்தில் திறந்து விட்டார்கள். அந்தத் திறப்பின் வழியாகத் தோள் சுவரோடும், சுவர் மேசையோடும் கலந்தது. அவர்களுக்கு முந்திய பிரெஞ்சு ஓவியர் செசான் கடைசிக் காலத்து நிலக்காட்சிகளில் மலையையும் வானத்தையும் இப்படித்தான் ஒன்றுக்குள் ஒன்று கசிய விட்டார். அவர் இறந்த மறு ஆண்டு, 1907இல், பாரிஸில் அவருடைய படங்களைப் பெருந்தொகையாகக் காட்சிக்கு வைத்தபோது இளைஞர்கள் அதைப் பார்த்துப் பாடம் படித்தார்கள். உங்கள் படத்தில் தோளும் மார்பும் பின்னணியோடு கலந்துபோவதாக எழுதியிருக்கிறீர்களே, அது இந்தப் பள்ளியைச் சேர்ந்த கைவேலை. பெண்ணும் அவளைச் சூழ்ந்த இடமும் ஒரே பொருளால் ஆனதுபோல் தோன்றச் செய்வதே அதன் பயன். ஆகவே அவள் யார் என்று கேட்பதற்கு முன், அவள் எந்த இடத்தோடு கலக்கிறாள் என்று கேட்பது நல்லது. பச்சைச் செங்குத்துப் பட்டைகள் ஒரு வீட்டுக் கூடத்துக்குப் பொருந்துமா என்று யோசியுங்கள்.

இனி வீணை. அத்தை சொல்வதை அவ்வளவு எளிதாகத் தள்ள முடியாது. கியூபிசத்தில் இசைக்கருவி நிறையவே வரும். மேண்டலின், கிட்டார், வயலின் என்று பிக்காசோவும் பிராக்கும் மாறி மாறி வரைந்தார்கள். பிக்காசோ 1910இல் வரைந்த 'மேண்டலினுடன் பெண்' என்ற படத்தில் முகம் வெறும் கட்டிகளாகச் சுருங்கியிருக்க, மேண்டலினும் அதன் துளையும் பார்த்தவுடன் அடையாளம் தெரியும். படம் வரையும் ஓர் ஆசிரியர் அச்சுப் படமாகவேனும் இதைப் பார்த்திருந்து, மேண்டலினுக்குப் பதிலாக வீணையை வைத்திருக்கலாம். அடுத்த ஆண்டு பிக்காசோ தொடங்கிய 'மா ஜொலி' என்ற படத்துக்கு நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் வைத்திருந்த துணைத் தலைப்பே, ஸிதர் (zither என்ற தந்திக் கருவி) அல்லது கிட்டாருடன் பெண் என்பது. கருவி எது என்று அங்கே அறிஞர்களாலேயே உறுதி கூற இயலவில்லை. எனவே உங்கள் வீட்டு வழக்கு ஒன்றும் வெட்கப்பட வேண்டியதன்று.

ஒரு ஓவியர் எல்லாவற்றையும் சிதைத்துவிட்டு ஒன்றை மட்டும் சிதைக்காமல் விட்டால், அங்கேதான் அவர் நம் கையைப் பிடித்து நிறுத்துகிறார் என்று என் மாணவர்களுக்குச் சொல்வேன். உங்கள் படத்தில் அது வலக்கை. ஆகவே அந்தக் கை பிடித்திருக்கும் வளைந்த பொருளையும், சாய்ந்த கோடுகள் எந்தப் பக்கம் உயர்ந்து எந்தப் பக்கம் தாழ்கின்றன என்பதையும், அரைவட்டம் அந்தக் கோடுகளோடு ஒட்டியிருக்கிறதா, விலகியிருக்கிறதா என்பதையும் பகல் வெளிச்சத்தில் பார்த்து எழுதுங்கள்.


கோட்டோவியன் எழுதியது:

டீச்சர் எழுதியதில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடே. ஆனாலும் ஒரு எச்சரிக்கையைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. 1968இல் பினாங்கில் வரைந்த ஒரு படத்தை 1910ஆம் ஆண்டுப் பாரிஸ் படத்தோடு நேரே கொண்டுபோய் ஒப்பிடுவது, நடுவில் உள்ள அறுபது ஆண்டுகளை விழுங்கிவிடும். பிராக்கின் படங்களைப் பார்த்துவிட்டு வோசெல் என்ற விமரிசகர் கனசதுரங்கள் என்று கேலி பேசியது 1908இல். முதல் உலகப் போர் தொடங்கியதுமே அந்தக் கூட்டம் கலைந்துவிட்டது. பிராக் போர்முனைக்குப் போனார். அதற்குப் பிறகு கியூபிசம் ஒரு தேடலாக இருந்த நிலை மாறி, கலைப் பள்ளிகளில் கற்பிக்கும் ஒரு முறையாக உலகெங்கும் பரவியது. கல்கத்தாவில் ககனேந்திரநாத் தாகூர் 1920களிலேயே ஒளியையும் கட்டடங்களையும் பட்டை தீட்டிய கண்ணாடிபோல் வரைந்தார். அவர் கையில் அது கதை சொல்லவும் மாயத்தோற்றம் காட்டவும் பயன்பட்டதே தவிர, பாரிஸ்காரர்களின் கேள்விகளை அவர் எழுப்பவில்லை.

நம் பக்கத்திலோ, 1938இல் சிங்கப்பூரில் தொடங்கிய நன்யாங் நுண்கலைக் கழகத்தைச் சுற்றி வளர்ந்த ஓவியர்கள் இருந்தார்கள். அவர்களுள் சியோங் சூ பியெங், சென் வென் சி உள்ளிட்ட நால்வர் 1952இல் பாலித் தீவுக்குப் போய் வந்ததைக் கலை வரலாறு படித்தவர் எல்லாரும் அறிவர். சியோங் சூ பியெங் வரைந்த பெண்களைப் பாருங்கள்: நீண்ட கழுத்து, கோணமாக மடங்கிய கைகால், தட்டையான நிறப் பரப்பு. அங்கே கியூபிசம் ஒரு மசாலாதான். குழம்பு சீன மைத்தூரிகையும் தென்கிழக்காசிய வாழ்வும். உங்கள் பெரியப்பா நியூயார்க்குக்கோ பாரிஸுக்கோ போயிருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் அன்று காட்சிக்கு வந்த இத்தகைய படங்கள் கண்ணில் பட்டிருக்கலாம். எனவே குறிப்பில் பிக்காசோவின் பெயரைப் போட்டுப் படத்துக்குப் பெருமை தேட வேண்டாம். அது படத்தையும் சிறுமைப்படுத்தும், படிக்கும் பிள்ளைகளையும் திசை திருப்பும்.

இன்னொன்று. முகத்தைப் பாதி நேராகவும் பாதி பக்கவாட்டாகவும் வரைவது 1930களுக்குப் பின் பிக்காசோவின் அச்சுப் படங்கள் வழியாக உலகம் முழுவதும் வந்து சேர்ந்த பழக்கம். 1960களில் விளம்பரப் படங்களிலும் பத்திரிகை அட்டைகளிலும்கூட அது சர்வ சாதாரணம். அதற்கு ஆழமான பொருள் இருக்கத்தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அழகாக இருக்கிறது என்று வரைந்திருக்கலாம். அப்படி ஒரு விளக்கத்தையும் வழக்கில் நாலாவது தரப்பாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.


பீடோங் மகள் எழுதியது:

எனக்கு ஓவியம் தெரியாது. ஆனால் கெடாவில் தோட்டத்து லயத்தில் பிறந்து, அம்மாவோடு பால்வெட்டுக்குப் போய் வளர்ந்தவள் என்பதால், நீங்கள் எழுதியதைப் படித்ததும் மஞ்சள் முக்கோணத்தில்தான் என் கண் போய் நின்றது. பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பது) முடிந்து நிரைக்கு, அதாவது மர வரிசைக்கு, போகும்போது இன்னும் இருட்டாகவே இருக்கும் நாள்களில், வெட்டுபவர்கள் நெற்றியில் விளக்குக் கட்டிக்கொள்வார்கள். தலை எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் வெளிச்சம் திரும்பும். அது கையையும் மரத்தில் வெட்டு விழும் இடத்தையும் தவிர வேறொன்றையும் காட்டாது. மற்றதெல்லாம் கறுப்பும் சாம்பலுமாகத்தான் இருக்கும். நெற்றியிலிருந்து விரிந்து வலக்கையில் போய் முடியும் மஞ்சள், எனக்கு அந்த விளக்கின் ஒளியாகவே படுகிறது. வலக்கை மட்டும் தெளிவாக வரையப்பட்டிருப்பதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம் அல்லவா? விடியுமுன் வெட்டுவதற்குக் காரணம் உண்டு. வெயில் ஏறினால் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும்.

டீச்சர் கோடுகளின் சாய்வைக் கேட்டிருந்தார். அது நல்ல கேள்வி. மரத்துக்கு எதிரே நின்று பார்த்தால், வெட்டு எப்போதும் நம் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து, ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் போகும். பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்கள் மேலே ஏற ஏறச் சற்று வலப்பக்கமாகச் சாய்ந்திருப்பதால், எதிர்ச் சாய்வில் வெட்டினால்தான் குழாய்கள் அதிகமாக அறுபட்டுப் பால் நிறைய வரும் என்று பிற்காலத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன்; அந்த நாளில் மண்டோர் (மேற்பார்வையாளர்) அளவுத் தகட்டை வைத்துக் கீறிக் கொடுத்த கோட்டைத் தாண்டக் கூடாது என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். வெட்டின் தாழ்ந்த முனையிலிருந்து ஒரு நேர்க்கோடு கீழே இறங்கும். அதன் முடிவில் பால் வழியும் தகர நாக்கு, அதற்குக் கீழே பாலைப் பிடிக்கும் கிண்ணமான மங்கு. ஆகவே உங்கள் படத்தில் அரைவட்டம் வலப்பக்கம் கீழே இருந்து, கோடுகளோடு நேரே ஒட்டாமல் ஒரு செங்குத்துக் கோட்டால் இணைந்திருந்தால், அது மங்குதான். மரம் வெட்டும் உளியின் முனையும் வளைந்தே இருக்கும்.

இடக்கையைப் பற்றி மட்டும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. வெட்டுமுன் பழைய வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை இடக்கையால் உரித்தெடுப்போம்; ஆனால் அப்போது விரல்கள் விரிந்திருக்காது, குவிந்து பிடித்திருக்கும்.


ஆயர் ஈத்தாம் வாசகன் எழுதியது:

மூவருக்கும் நன்றி. படத்தை வாசலுக்குக் கொண்டுவந்து, நீங்கள் கேட்டவற்றை அண்ணனும் அத்தையும் உடனிருக்கப் பார்த்தேன். சாய்ந்த கோடுகள் எல்லாம் பார்ப்பவரின் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்கின்றன. கோடுகளுக்கு இடையிலான இடைவெளி சமமாக இல்லை. மேலே நெருக்கமாகவும் கீழே சற்று விலகியும் போகின்றன. கீழ்க்கோட்டின் வலது முனையிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு செங்குத்துக் கோடு இறங்கி, அரைவட்டத்தின் வாய்க்கு மேலே நின்றுவிடுகிறது, தொடவில்லை. அரைவட்டத்துக்குள் வெள்ளை வண்ணம் கத்தியால் அப்பியதுபோல் தடிப்பாக இருக்கிறது; படத்தில் வேறெங்கும் அவ்வளவு தடிப்பு இல்லை.

அத்தையும் விடுவதாக இல்லை. வீணை வாசிப்பவரை எதிரே இருந்து பார்த்தால் குடம் நம் இடப்பக்கமும் தண்டி நம் வலப்பக்கமுமாக இருக்கும் என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார். இங்கே அது மாறித்தான் இருக்கிறது. ஆனால் இடக்கை விரல்கள் மெட்டுகளின்மேல் வைத்தது போலவே இருக்கின்றன, பால்வெட்டுபவர் யாரும் இப்படிக் கையை வைக்க மாட்டார் என்று பீடோங் அம்மையார் சொன்னதையே எடுத்துக் காட்டுகிறார். பெரியம்மாவின் கை விரல்களை நன்றாக அறிந்தவர் அவர் என்பதால், எனக்கு மறுத்துப் பேசத் துணிவில்லை.

தம்பி மகன் இப்போது புதிய வாதத்தோடு வந்திருக்கிறான். 1950களிலும் 60களிலும் பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றார்கள், தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்தார்கள், அதற்காகவே 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது, மேலும் 1968இல்தான் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சட்டம் வந்தது. ஆகவே இந்தப் படம் சிதைக்கப்பட்ட தோட்டத் தமிழரின் வாழ்க்கையைச் சித்திரிக்கிறது என்கிறான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எழுதலாமா?


கோட்டோவியன் எழுதியது:

எழுதக் கூடாது என்பது என் கருத்து. தம்பி மகன் சொல்லும் வரலாறு சரியானதே, அதைப் பிள்ளைகள் அறியத்தான் வேண்டும். ஆனால் தோட்டம் துண்டானது, படத்தில் பெண்ணும் துண்டாக இருக்கிறாள், எனவே இது அதன் படம் என்பது வடிவ ஒற்றுமையை மட்டுமே பிடித்துக்கொண்டு தொங்கும் வாதம். இதே முறையில் 1968இல் வரைந்த ஒரு கியூபிசப் பாணிப் பழக்கூடையையும் தோட்டச் சிதைவு என்று சொல்லிவிடலாம். தங்கள் பெரியப்பா இதைப் பற்றி ஏதேனும் எழுதி வைத்திருந்தாலோ, அதே காலத்தில் அதே பொருளில் வேறு படங்கள் வரைந்திருந்தாலோ மறுபடி பேசலாம்.

மற்றபடி, தடிப்பான வெள்ளை பற்றி நீங்கள் எழுதியதற்குப் பிறகு, அழகுக்காக மட்டும் வரைந்திருக்கலாம் என்ற என் நாலாவது தரப்பு வலுவிழக்கிறது. அரைவட்டத்துக்குள் மட்டும் வண்ணத்தை அப்படி அப்பியவர், அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தே செய்திருக்கிறார். வீணைக் குடத்துக்குள் வெள்ளை எதற்கு?


செந்தூல் டீச்சர் எழுதியது:

ஐயா, நீங்கள் பார்த்து எழுதிய சாய்வு ஒரு முக்கியமான செய்தியைத் தருகிறது. பீடோங் அம்மையார் சொன்னபடி, இடமிருந்து வலமாகத் தாழும் வெட்டு என்பது மரத்துக்கு எதிரே நிற்பவருக்குத் தெரியும் காட்சி. அதாவது வெட்டும் பெண்ணின் கண்ணுக்குத் தெரிவது. ஆனால் அவளுடைய முகத்தின் ஒரு பாதியோ நம்மை நேரே பார்க்கிறது. நாம் அவளுக்கு எதிரே நின்றால் வெட்டுப்பட்டை நமக்குத் தெரியாது, மரத்தின் முதுகுதான் தெரியும். அவள் பக்கத்தில் போய் நின்றால் வெட்டுப்பட்டை தெரியும், ஆனால் முகம் பக்கவாட்டில்தான் தெரியும். இந்த இரண்டு நிலைகளும் ஒரே பலகையில் இருக்கின்றன. பக்கவாட்டில் திரும்பிய பாதி முகம் வேலையைப் பார்க்கிறது. நேரே இருக்கும் பாதி நம்மைப் பார்க்கிறது. நகக்கண் தெரியும் அந்த வலக்கையும் ஒருவர் தம் கையைத் தாமே குனிந்து பார்க்கும் கோணத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இந்த விளக்கம் இன்னும் உறுதிப்படும்.

எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் என்று தம்பி மகன் சொன்னதை நான் முதலில் அவ்வளவாக ஏற்கவில்லை. பொதுவான விதியாக இப்போதும் ஏற்கவில்லை. ஆனால் இந்தப் படத்தில் இரண்டு பார்வைகள் இருப்பதற்கு வேலை இருக்கிறது: ஒன்று அவளைப் பார்ப்பவரின் பார்வை, மற்றொன்று அவளுடையது. தாயோடு நிரைக்குப் போய், ஒருநாள் எதிரே நின்றும் மறுநாள் பக்கத்தில் நின்றும் பார்த்த ஒரு பையனுக்கு இரண்டுமே பழக்கமான காட்சிகளாக இருந்திருக்கும். இப்படி நான் எழுதுவது ஊகம்தான், ஆனால் சாய்வும், செங்குத்துக் கோடும், தடித்த வெள்ளையும், நெற்றி ஒளியும் சேர்ந்து தாங்குகிற ஊகம்.

அத்தையின் இடக்கையை என்ன செய்வது? அதை விட்டுவிடாதீர்கள் என்றே சொல்வேன். 1912க்குப் பின் பிக்காசோவும் மற்றொரு கியூபிச ஓவியரான ஹுவான் கிரிஸும் ஒரே வளைவைக் கிட்டாரின் இடுப்பாகவும் மனித உடலின் விளிம்பாகவும் பயன்படுத்தினார்கள். ஒரு வடிவம் இரண்டு பொருளுக்கு உழைப்பது இந்தப் பாணிக்கு அந்நியமன்று. பால்வெட்டும் தாய்க்கு வீணை வாசிக்கும் மனைவியின் விரல்களை அவர் கொடுத்திருக்கலாம். அல்லது விரித்த விரல்கள் வரைவதற்கு எளிது என்பதற்காகவும் வைத்திருக்கலாம். கை வரைவது எவ்வளவு கடினம் என்பது வரைந்தவர்களுக்குத் தெரியும். இதில் நான் ஒரு பக்கம் சாய மாட்டேன்.


ஆயர் ஈத்தாம் வாசகன் எழுதியது:

வலக்கையைப் பார்த்தேன். கட்டைவிரல் நம் இடப்பக்கமாக, புறங்கை மேலாக, தன் கையைத் தானே பார்ப்பதுபோலத்தான் இருக்கிறது. அண்ணன் தம் வலக்கையை நீட்டி அதே மாதிரி வைத்துக் காட்டினார், பொருந்துகிறது.

பள்ளிக்கு இவ்வாறு எழுதிக் கொடுக்க எண்ணியிருக்கிறேன்: "தலைப்பிடப்படாத படம். ஹார்ட்போர்டில் எண்ணெய் வண்ணம், 1968. கியூபிசப் பாணியில் வரைந்த பெண்ணுருவம். நெற்றியிலிருந்து இறங்கும் ஒளி, சாய்ந்த கோடுகள், அவற்றின் கீழ் வெள்ளை நிறைந்த அரைவட்டம் ஆகியவற்றைக் கொண்டு, விடியுமுன் பால்மரம் வெட்டும் பெண்ணாக இதைக் காணலாம். இடக்கை விரல்களைக் கொண்டு, வீணை வாசிக்கும் பெண்ணாகக் குடும்பத்தார் சிலர் காண்கின்றனர். முகத்தின் இரு பாதிகளும் எங்கெங்கே பார்க்கின்றன என்று கவனியுங்கள்." அத்தை இரண்டாவது விளக்கத்தை முதலில் போடச் சொல்கிறார், அதை மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை.


கோட்டோவியன் எழுதியது:

நன்றாக இருக்கிறது. ஒரே ஒரு திருத்தம்: பலகையின் நீள அகலத்தைச் சென்டிமீட்டரில் சேர்த்துவிடுங்கள். பின்னாளில் யாராவது ஆவணப்படுத்த வந்தால் உதவும்.


செந்தூல் டீச்சர் எழுதியது:

அத்தையின் விளக்கத்தை முதலில் போட்டாலும் படத்துக்கு ஒன்றும் குறையாது, போடுங்கள். மாட்டும்போது மட்டும் இரண்டு விஷயங்களைத் தலைமையாசிரியரிடம் சொல்லிவிடுங்கள். நம் ஊர் ஈரத்தில் ஹார்ட்போர்டு சுவரோடு ஒட்டிக் கிடந்தால் பூசணம் பிடித்து வளைந்துவிடும். ஆகவே சட்டத்தின் பின்பக்கம் நாலு மூலையிலும் சிறு கட்டைகள் வைத்துக் காற்றோட இடைவெளி விட வேண்டும். சன்னலுக்கு நேர் எதிரே மாட்டவும் வேண்டாம், அலமாரிக்கு மேலே உயரத்தில் மாட்டவும் வேண்டாம். பத்து வயதுப் பிள்ளை நிமிர்ந்து பாராமலே அந்த வலக்கை தெரியும் உயரத்தில் இருக்கட்டும்.